ஆயர் கேட்ட கணக்கு

அன்பான நேயர்களுக்கு வணக்கம்.

கைக்கெட்டிய தூரத்தில் தாளும் பேனாவும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 429,059 என்று எழுதுங்கள். அதன் கீழே 282,380 என்று எழுதிக் கழித்துப் பாருங்கள். 146,679 வரும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்துவிடக்கூடிய கணக்குத்தான். ஆனால் இந்த நாட்டில் அந்தக் கழித்தலைப் பகிரங்கமாகச் செய்து காட்ட ஒருவர் முன்வர வேண்டியிருந்தது. 2011 ஜனவரி 8ஆம் திகதி, போரைப் பற்றி விசாரிக்க அரசாங்கம் நியமித்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு மன்னாரில் அமர்ந்தபோது, மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை தம் குருமார் இருவரோடு சேர்ந்து ஒப்பமிட்ட ஓர் எழுத்து மூல அறிக்கையை அதன் முன் வைத்தார். போரின் முடிவில் வன்னியில் கணக்கில் வராமற்போன மக்களைப் பற்றிய இந்தக் கணக்கு அதில்தான் இருந்தது.

வன்னியில் மக்கள் தலைவராக விளங்கிய ஒரு சமயப் பெரியாரைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் கேட்டபோது, வேறு பெயரைத் தேடிப் போக எனக்குத் தோன்றவில்லை. நான் கத்தோலிக்கன் அல்லன். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்துகொள்ளும் குடும்பம் எங்களுடையது. கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், எழுதுவினைஞராகச் சேர்ந்து, கோவைகளுக்கு நடுவே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். ஆயரின் மறையுரைகளைப் பற்றிப் பேச என்னிலும் தகுதியானவர்கள் நூறு பேர் இருப்பார்கள். அவர் எழுதியவற்றை, கேட்டவற்றை, கணக்கிட்டவற்றைப் பற்றி ஓர் எழுதுவினைஞன் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கச்சேரிக்கு வரும் கடிதங்களில் சுவாமிமார் எழுதுபவை தனி ரகம். பொதுமக்கள் எழுதும் முறைப்பாட்டில் துயரம் பக்கம் பக்கமாக இருக்கும்; எந்தக் கிராமம், எத்தனை குடும்பம் என்று தேடினால் கிடைக்காது. அரசியல்வாதி எழுதினால் அவருடைய பெயர்தான் பெரிதாக இருக்கும். சுவாமியார் எழுதிய கடிதத்தில் மேலே திகதி, அடுத்து கிராமம், குடும்பத் தொகை, ஆட்தொகை, இடம்பெயர்ந்து வந்த நாள், இப்போது தங்கியிருக்கும் இடம், தேவை எல்லாம் இருக்கும். அரைப் பக்கத்தைத் தாண்டாது. அதை அப்படியே கோவையில் போட்டு மேலதிகாரியிடம் அனுப்பிவிடலாம். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஆளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1940 ஏப்ரல் 16ஆம் திகதி நெடுந்தீவில் பிறந்தவர். குதிரைகளும் கல்வேலிகளும் உவர்நீரும் உள்ள தீவு. வள்ளம் வந்தால்தான் வெளியுலகம். 1967 டிசம்பரில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். உரோமுக்குச் சென்று திருச்சபைச் சட்டம் பயின்று கலாநிதிப் பட்டம் பெற்றார். 1992இல் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை மன்னாரின் ஆயராக நியமித்தார். 2016 ஜனவரியில் ஓய்வு பெறும்வரை ஏறத்தாழ இருபத்து மூன்றரை ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். இவ்வளவும் எந்த நினைவு மலரிலும் கிடைக்கும்.

நினைவு மலர்கள் வேகமாகக் கடந்து போவது அந்தத் திருச்சபைச் சட்டப் படிப்பைத்தான். அதை ஏதோ அலங்காரப் பட்டம் போலச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். என் பார்வையில் அந்த மனிதரை விளங்கிக்கொள்ளத் திறவுகோல் அதுதான்.

கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி ஒவ்வொரு பங்கிலும், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு கோவில் வட்டாரத்திலும், புத்தகங்கள் இருக்க வேண்டும்: திருமுழுக்குக்கு ஒன்று, திருமணத்துக்கு ஒன்று, இறந்தோருக்கு ஒன்று. அவை ஒழுங்காக எழுதப்படுகின்றனவா, பத்திரமாக வைக்கப்படுகின்றனவா என்று பார்ப்பது பங்குத்தந்தையின் கடமை. ஆயர் பங்கைப் பார்வையிட வரும்போது அவற்றைப் பார்க்க வேண்டும். ஒருவர் எந்த ஊரில் போய்த் திருமணம் முடித்தாலும் அந்தச் செய்தி அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள புத்தகத்தில் அவருடைய பெயருக்கு நேரே குறிக்கப்பட வேண்டும். அதாவது ஒரு மனிதன் எங்கே போனாலும் அவனுடைய ஒரு வரி அவன் பிறந்த ஊரில் அவனுக்காகத் திறந்தே கிடக்கும்.

நான் அந்தப் புத்தகம் ஒன்றை முதன்முதலாக அருகில் வைத்துப் பார்த்தது போர் முடிந்த பின்னர். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலிருந்து மக்களை ஊர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். பெருநிலப்பரப்பில் ஒரு பங்கு. கோவில் கூரையில் பாதி இல்லை. சுவாமியார் தங்கும் அறைவீட்டுக்குள் ஒரு யூரியாப் பை. அதற்குள் இன்னொரு பொலித்தீன் பை. அதற்குள் தறப்பாள் துண்டில் சுற்றிய நீளமான கறுப்பு மட்டைப் புத்தகம். முதுகுப் பக்கத்தைக் கறையான் அரித்திருந்தது. பழைய பக்கங்களில் இலத்தீன் சொற்கள், நீல மையில் சாய்ந்த கையெழுத்து. பிந்திய பக்கங்களில் குமிழ்முனைப் பேனா. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன், தாய், தலைதொட்ட ஞானப்பெற்றோர், குருவானவரின் ஒப்பம். சில பக்கங்களில் ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். இடம் மாறித் தங்கிய இடங்களில் கிடைத்த நாளில் கிடைத்த பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீர் வார்த்திருக்கிறார்கள். ஊர் என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு காட்டுக்குளத்தின் பெயர் இருந்தது.

அன்று வந்திருந்த ஒரு தாய்க்கு மகளின் பிறப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது. வைத்திருந்த பிரதி, அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் பையோடு போய்விட்டன. பிள்ளை பிறந்தபோது பதிந்தார்களா என்பதே அவருக்குச் சரியாகத் தெரியாது. பிறந்தது பதுங்குகுழி வெட்டிக்கொண்டிருந்த காலம். காலங்கடந்த பதிவுக்கு ஏதாவது எழுத்துச் சான்று வேண்டும். சுவாமியார் விரலை நாக்கில் தொடாமல், ஓரத்தைப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பெயர் இருந்தது. அந்த ஒரு வரியைப் படியெடுத்து முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த ஒரு வரியை வைத்து ஒரு பிள்ளை சட்டப்படி இந்த நாட்டில் பிறந்தவளானாள். பக்கத்திலேயே ஒரு சைவத் தாயும் நின்றார். அவருடைய பிள்ளைக்கு அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. எங்கள் கோவில்களில் தேவாரம் உண்டு, திருவிழா உண்டு, வரவு செலவுக் கணக்கும் உண்டு. ஆட்களின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. எனக்குச் சற்றே பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

அரைப் பக்கக் கடிதங்களின் ஊற்று அந்தக் கறுப்பு மட்டைப் புத்தகம்தான் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது.

மன்னார் மறைமாவட்டம் 1981இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. மன்னாரும் வவுனியாவும் அதன் எல்லை. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இன்றுவரை யாழ்ப்பாண ஆயரின் கீழ் உள்ளவை. இந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். இராயப்பு ஆண்டகை பொறுப்பேற்றபோது அந்த மறைமாவட்டத்துக்குப் பன்னிரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆனால் அதற்குள் குருதி சிந்தியிருந்தது. 1984 டிசம்பரில் முருங்கன் பக்கத்தில் மெதடிஸ்தப் போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் கொல்லப்பட்டார். அடுத்த மாதம், 1985 ஜனவரி 6ஆம் திகதி, வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் தம் அறைவீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடல் கிடைக்கவே இல்லை. வங்காலை மக்களைக் கேட்டால் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். ஒரு சுவாமியாரின் உடலையே காணாமற்போகச் செய்யலாம் என்றால் மற்றவர்களின் கதி என்ன என்பதை அந்தப் பிரதேசம் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது.

இனி மடு. மடுவைச் சொல்லாமல் அவருடைய வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

1670இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்திய காலத்தில், மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியவர்களால் உண்டான தலம் அது. ஆக, மடுவின் முதற் கதையே இடப்பெயர்வுக் கதைதான். ஆடியிலும் ஆவணியிலும் தமிழரும் சிங்களவரும் கூடாரம் அடித்துத் தங்குவார்கள். சைவரும் போவோம். மடு மண்ணைப் பொட்டலமாகக் கட்டி வந்து, பாம்புக்கடிக்கு மருந்தென்று கூரைத் தாழ்வாரத்தில் செருகி வைக்காத வன்னி வீடு குறைவு. எங்கள் வீட்டிலும் இருந்தது. அப்பா வயலுக்குப் போகும்போது மடியில் கொஞ்சம் முடிந்துகொண்டு போவார்.

1990இல் மீண்டும் போர் மூண்டபோது அந்தக் கோவில் வளவு அகதி முகாமாயிற்று. பல்லாயிரம் பேர். ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான நிறுவனம் அங்கே மையம் அமைத்தது. இராயப்பு ஆண்டகை ஆயரானபோது அவருடைய மறைமாவட்டத்தின் மிகப் பெரிய ஊர் எது என்று கேட்டால், மடு முகாம் என்று சொல்லியிருக்கலாம். திருவிழாவும் நிவாரண வரிசையும் ஒரே முற்றத்தில் நடந்தன. மலசலகூடம் எத்தனை, குழாய்க்கிணறு எத்தனை, பள்ளிக்கொட்டில் எங்கே என்பதெல்லாம் ஆயரின் கவலைகளாயின. கோவில் பரிபாலகராக இருந்த குருவானவர்கள் பாதி நேரம் கிராம அலுவலர் வேலைதான் பார்த்தார்கள்.

1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு அந்த வளவுக்குள் எறிகணைகள் வீழ்ந்தன. கோவில் என்றால் தப்பலாம் என்று வந்து படுத்திருந்தவர்கள், பிள்ளைகள் உட்படப் பலர், மாண்டுபோனார்கள். மடு யுத்தமற்ற இடமாக இருக்க வேண்டும் என்று ஆயர் அதற்கு முன்பும் இரு தரப்பிடமும் கேட்டவர். அதற்குப் பின்பும் கேட்டார். 2008இல் அதே நிலைமை திரும்பியது. ஜனவரி மாதம் தட்சணாமடுவில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிவந்த பஸ் கிளைமோர்க் கண்ணிவெடியில் சிக்கியது. ஏப்ரல் 3ஆம் திகதி, எறிகணைகள் நெருங்கிவிட்ட நிலையில், குருமார் மாதாவின் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றார்கள். முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மாதா மறுபடியும் அகதியானார் என்று அன்றைக்கு ஊரெல்லாம் பேச்சு. தென்னிலங்கையில் சிலர், சொரூபத்தை எடுத்தது புலிகளுக்குத் துணைபோகும் செயல் என்று ஆயரைச் சாடினார்கள். சாடியவர்கள் யாரும் அந்த வளவில் ஓர் இரவு படுத்திருந்தவர்கள் அல்லர். அவ்வாண்டு ஓகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. 2015 ஜனவரி 14ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது அவரை வரவேற்றவர் இராயப்பு ஆண்டகைதான். அந்த நாளின் படங்களைப் பலர் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அவருடைய வாழ்க்கையின் உச்சம் அது என்று சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

அவருடைய குருமாரைப் பற்றியும் வன்னியில் பணியாற்றிய மற்றக் குருமாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைவர் ஒருவரைத் தனியே நிறுத்தி வைத்துப் புகழ்வது எங்கள் மேடைகளின் நோய்.

நிக்கலஸ்பிள்ளை பாக்கியரஞ்சித் அடிகளார் மன்னார் மறைமாவட்டத்தவர். யேசு சபை அகதிகள் பணியின் மன்னார் இணைப்பாளர். 2007 செப்டெம்பர் 26ஆம் திகதி நிவாரணப் பொருள்களோடு வன்னிக்குள் போய்க்கொண்டிருந்தபோது கிளைமோர்த் தாக்குதலில் கொல்லப்பட்டார். கிளி பாதர் என்று சிறுபிள்ளைகள்கூட அழைத்த கருணாரத்தினம் அடிகளார் வவுனிக்குளத்துப் பங்குத்தந்தை. வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்து, கொல்லப்பட்டவர்களின் விபரங்களைத் திரட்டியவர். 2008 ஏப்ரல் 20ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மல்லாவி வவுனிக்குளம் வீதியில் அவரையும் கிளைமோர் கொன்றது. மக்களோடு கடைசிவரை நின்ற சரத்ஜீவன் அடிகளார் 2009 மே 18ஆம் திகதி, வெளியே வந்த கையோடு, மாரடைப்பால் இறந்தார். நாற்பதைத் தாண்டிய வயதுதான்.

அதே நாள் வட்டுவாகலில், யாழ். சம்பத்திரிசியார் கல்லூரியின் அதிபராக இருந்த பிரான்சிஸ் ஜோசப் அடிகளார், சரணடையச் சென்ற புலி உறுப்பினர்களோடும் அவர்களின் குடும்பங்களோடும் கூடச் சென்றார். சென்றவர்களின் பெயர்களை அவர் ஒரு பட்டியலாக எழுதினார் என்று அங்கே நின்ற மனைவிமார் பின்னர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பஸ்களில் ஏற்றப்பட்டார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. பெயர்களையும் கண்டவர் இல்லை. மரணம் தலைக்கு மேல் நிற்கும்போது அந்தக் கிழவர் செய்த காரியம் என்ன என்று பாருங்கள். பங்குப் புத்தகம் எழுதிய கை அது. வேறு எதுவும் இயலாத இடத்தில் பெயரையாவது எழுதி வைப்போம் என்று நினைத்திருக்கிறது.

இப்போது முதலில் சொன்ன கழித்தலுக்கு வருகிறேன். இது என் தொழில் சார்ந்த விடயம் என்பதால் சற்று விரிவாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

429,059 என்ற எண் யாருடையது? ஆயர் கற்பனை செய்ததன்று. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டக் கச்சேரிகளில் பதிவாகியிருந்த சனத்தொகை. கிராம அலுவலர் வீடு வீடாகவோ மரம் மரமாகவோ போய்க் குடும்ப விபரம் எடுப்பார். அது பிரதேச செயலகத்துக்கு வரும். அங்கே தொகுத்துக் கச்சேரிக்கு அனுப்புவார்கள். அந்தத் தொகையின்படிதான் அரிசி, மா, பருப்பு, சீனி கேட்டுக் கொழும்புக்குக் கடிதம் போகும். வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறும்படி அரசாங்கம் 2008 செப்டெம்பரில் பணித்த பிறகு, ஆட்களை எண்ணுவதற்கு அங்கே எஞ்சியவர்கள் அரச ஊழியர்களும் குருமாரும்தான். 282,380 என்பது போர் முடிந்த பிறகு, 2009 ஜூலை 10ஆம் திகதி வரையில், அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களாக ஐக்கிய நாடுகள் வெளியிட்ட தொகை. இரண்டும் பிறர் வெளியிட்ட எண்கள். ஆயர் ஒன்றின் கீழ் ஒன்றை எழுதினார். அவ்வளவே.

கச்சேரித் தொகையில் உப்பல் இருக்காதா என்று கேட்பார்கள். இருக்கும். பங்கீட்டு அட்டை உள்ள எந்த நாட்டிலும் குடும்பத்தில் ஓர் ஆள் கூடுதலாக எழுதப்படுவது உண்டு. கடல் வழியாகவோ வேறு வழியாகவோ பதிவில்லாமல் வெளியேறியவர்களும் இருந்திருப்பார்கள். இதை மறுப்பவன் எழுதுவினைஞனே அல்லன். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2009 தொடக்கத்தில், போர்வலயத்தில் எழுபதாயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசாங்கத் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் வெளியே நடந்து வந்தவர்கள் அதைப் போல நான்கு மடங்கு. எழுபதாயிரம் பேருக்கென்று கணக்கிட்டால் உணவும் மருந்தும் எவ்வளவு போகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. யாருடைய எண் உண்மைக்குக் கிட்ட நின்றது என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. 146,679 பேர் கொல்லப்பட்டார்கள் என்று ஆயர் சொன்னதாக மேடைகளில் முழங்குகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு என்ன நடந்தது என்பது தெளிவுபடுத்தப்பட வேண்டும் என்றுதான் அந்த அறிக்கை கேட்டது. இந்த வேறுபாடு சிறிதன்று. கொல்லப்பட்டார்கள் என்று சொல்லியிருந்தால் நிரூபி என்று அவரிடமே திருப்பிவிட்டிருப்பார்கள். கணக்குக் கேட்டதால், விடை சொல்ல வேண்டியவர் எதிர்த்தரப்பில் நின்றார். சட்டம் படித்தவர் அல்லவா! அவருடைய நிதானத்தை எங்கள் முழக்கக்காரர்கள் வீணாக்குகிறார்கள் என்பது என் மனத்தாங்கல்.

விடை வரவில்லை, புலனாய்வுத் துறையினர் வந்தார்கள். இந்த எண் உமக்கு எங்கிருந்து கிடைத்தது என்று ஆயரை விசாரித்தார்கள். அரசாங்கத்தின் கச்சேரியிலிருந்து என்பது தவிர அவர் வேறென்ன சொல்வது? கழித்தல் கணக்குச் செய்ததற்காக ஒருவர் விசாரிக்கப்பட்டதை வேறெங்கும் நான் கேள்விப்படவில்லை. 2011இல் ஐக்கிய நாடுகளின் நிபுணர் குழு, நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்றது. 2012 நவம்பரில் வெளிவந்த ஐக்கிய நாடுகளின் உள்ளக மீளாய்வு, கணக்கில் வராதவர்கள் எழுபதாயிரத்துக்கும் மேல் என்றது. உலகம் தன் கணக்கைத் திருத்தத் திருத்த, எண் மன்னார்ப் பக்கமாகவே நகர்ந்தது.

இப்போது அந்த எல்லைக்கோட்டை நினைவுபடுத்துகிறேன். அவர் கணக்குக் கேட்டது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பதிவாகியிருந்த மக்களுக்கு. அடம்பன், இலுப்பைக்கடவை, விடத்தல்தீவு என்று தம் பங்குகளிலிருந்து துரத்தப்பட்டு அங்கே போய்ச் சேர்ந்த மன்னார் மக்களும் அதற்குள் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் பெரும்பான்மையோர் அவருடைய மறைமாவட்டத்தினர் அல்லர், கத்தோலிக்கரும் அல்லர். எந்தக் கறுப்பு மட்டைப் புத்தகத்திலும் வரி இல்லாத சைவக் குடியானவர்கள். எங்கள் பக்கத்தில் பெரிய கோவில்களும் ஆதீனமும் மன்றங்களும் இருந்தன. எங்களுக்காகக் கணக்குக் கேட்டவர் ஒரு கத்தோலிக்க ஆயர். அவரை வன்னியின் தலைவர் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுவே. மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

குறைகளும் சொல்லப்பட்டன. அவற்றை மறைத்தால் இது உரையாகாது, இரங்கற்பா ஆகிவிடும். 1990 ஒக்டோபரில் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் போருக்குப் பின் மன்னாருக்குத் திரும்பியபோது காணிகள் தொடர்பாகவும் கரைவலைப்பாடுகள் தொடர்பாகவும் பிணக்குகள் எழுந்தன. ஆயர் ஒரு பக்கத்தவராகவே பேசினார் என்று முஸ்லிம்களிடையே மனக்கசப்பு இருந்தது. இரண்டு அகதிச் சமூகங்கள் ஒரே காணித்துண்டில் மோதும்போது நடுவே நிற்பது எவருக்கும் கடினந்தான். ஆனாலும் அவரிடம் எதிர்பார்ப்பு அதிகமாக இருந்தது, அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி அவர் உரத்துப் பேசியது போதாது என்பாரும் உண்டு. வலைஞர்மடம் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த இளையவர்களைப் புலிகள் உள்ளே நுழைந்து பிடித்துச் சென்ற கொடுமையை அங்கிருந்த தாய்மார் மறக்கவில்லை. அந்தப் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் அடக்கம். அவர்களைக் கொண்டுபோனவர்கள் விடை சொல்ல இன்று இல்லை.

கடைசியாக முள்ளிக்குளம். முசலிப் பிரதேசத்தில், வில்பத்துக் காட்டின் அருகே, கடலும் குளமும் வயலும் ஒருங்கே அமைந்த கத்தோலிக்கக் கிராமம். 2007 செப்டெம்பரில் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு அங்கே கடற்படையின் தளம் அமைந்தது. கோவில் தளத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. மக்கள் மலங்காட்டில் மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டார்கள். ஆயர் இதற்காக எழுதினார், போனார், அதிகாரிகளைச் சந்தித்தார், மறுபடி எழுதினார். எந்த வீடு யாருடையது, எந்தக் காணிக்கு உறுதி உண்டு, யாருக்கு உத்தரவுப்பத்திரம் என்ற விபரங்களோடு ஊர் மக்கள் அவர் பின்னால் நின்றார்கள். பதவியிலிருந்த காலத்தில் அந்த ஊர் முழுதாகத் திரும்புவதை அவர் காணவில்லை. அவர் ஓய்வு பெற்று ஓராண்டுக்குப் பிறகு, 2017 வசந்தத்தில் மக்களே வீதியோரம் அமர்ந்து போராடினார்கள். ஏப்ரலில் ஒரு பகுதியை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. அதே ஆண்டு பெப்ரவரியில்தான் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் தொடர் போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

ஆயர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அது பெரிய வியாழன். குருத்துவம் ஏற்படுத்தப்பட்ட நாளாகக் கத்தோலிக்கர் கொண்டாடும் நாள். உயிர்ப்பு ஞாயிறு கழிந்த பிறகு மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம் நடந்தது. கொரோனாக் கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும் சனம் திரண்டது. சைவக் குருக்கள்மாரும் வந்திருந்தார்கள்.

நேரம் ஆகிவிட்டது. நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்கள். ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் 2008, 2009ஆம் ஆண்டுகளின் நிவாரண அட்டை, கிராம அலுவலரின் குடும்பப் பட்டியல், சங்கக்கடைப் புத்தகம், பாடசாலை வரவு இடாப்பு, கோவிலில் எழுதிய கொப்பி என்று எது இருந்தாலும் பழைய கடதாசிக்காரனுக்கு நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கறையான் எட்டாத இடத்தில் வையுங்கள். பக்கங்களைப் படம் பிடித்து, பிள்ளைகளிடம் ஒரு பிரதியும் வெளியூரில் உள்ள உறவினரிடம் ஒரு பிரதியும் கொடுத்து வையுங்கள். சைவக் கோவில் பரிபாலன சபையினர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு புதுக் கொப்பி வாங்கும் தீர்மானத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எப்படிக் கோடு போடுவது என்று தெரியாவிட்டால் பக்கத்துப் பங்குச் சுவாமியாரிடம் கேளுங்கள், காட்டித் தருவார்.

வணக்கம்.